கவிழ்ப்புப் பரீட்சை

படகு கவிழ மாட்டேன் என்று அடம் பிடித்தது.

ஊரில் உள்ளவர்கள் எல்லாம் படகு கவிழ்ந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு ஏறுவார்கள். நம் சர்வேயர் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தானே செய்த ஏழே முக்கால் அடிப் படகின் விளிம்பில் ஏறி நின்று, பாய்மரத்தைக் கட்டிப்பிடித்தபடி, "கவிழ்ந்து தொலையேன்! உனக்கு என்ன குறை வச்சேன்?" என்று அதனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

காரணம் இருந்தது. எட்டடிக்கு மேற்படாத, சொந்தக் கையால் செய்த பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கென்று அந்த ஏரிக்கரையில் ஒரு சங்கம் உண்டு. மொத்தமே ஏழு பேர். வருஷத்துக்கு ஒரு தடவை பாய் விரித்துக் கிளம்புவார்கள். மூன்று நாள் தீவுக்குத் தீவு இறங்கி, கூடாரம் அடித்து, கொசுவுக்கு ரத்ததானம் செய்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் திரும்பி வந்து, "அடடா, என்ன சுகம்!" என்பார்கள். இந்தச் சுகத்தை அனுபவிக்க ஒரு பரீட்சை பாஸாக வேண்டும். பயணத்துக்கான சாமான்களை ஏற்றி, கூட வருகிற ஆளையும் உட்காரவைத்து, படகை வேண்டுமென்றே கவிழ்க்க வேண்டும். பிறகு அதை நிமிர்த்தி, தண்ணீரை இறைத்துவிட்டு, ஏறி உட்கார வேண்டும். பத்து நிமிஷம்தான் அவகாசம்.

சர்வேயர் இதில் இரண்டு வருஷமாகக் கோட்டை விட்டவர். முதல் வருஷம் கவிழ்ந்த படகு நிமிரவில்லை. இரண்டாம் வருஷம் நிமிர்ந்தது, ஆனால் அடுப்பும் கூடாரமும் இவரைக் கேட்காமலே தீவுக்குக் கிளம்பிவிட்டன.

தொழிலில் அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனி சர்வேயர். நசுங்கின கார், எரிந்த கடை, இடிந்த சுவர் எதுவானாலும் ஒரு பார்வை பார்த்து, "இது உங்க அஜாக்கிரதை" என்று எழுதிவிட்டு வருகிறவர். அப்படிப்பட்டவருக்குத் தன் படகு தன்னைக் கவிழ்த்துவிட்டது என்பது தாங்கவில்லை. மூன்றாம் வருஷம் புதிதாகவே ஒன்று செய்தார். அடியில் ஈயக் கட்டிகள். அதற்கு மேல் காற்றடைத்த மூடிய அறைகள். அறைகளுக்கு மேல், நாற்காலி உயரத்தில், உட்காரும் தளம். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது ஏற்பாடு.

இத்தனையும் நடந்தது வீட்டுக் கார் ஷெட்டில். கார் இரண்டு வருஷமாகத் தெருவில் நின்று, காக்கைகளின் கழிப்பிடமாகிவிட்டது. சர்வேயரின் மனைவி கோபத்தில் கத்துகிற ரகம் இல்லை. அமைதியாக ஏற்பாடு செய்கிற ரகம். வியாழக்கிழமை சர்வேயர் ஆபீஸிலிருந்து வந்தபோது ஷெட்டில் ஒரு தச்சர் டேப் வைத்துப் படகை அளந்துகொண்டிருந்தார்.

"யாரு இவரு?"

"இந்த வருஷமும் ஃபெயிலானா படகை ரெண்டா அறுத்து செருப்பு அலமாரி பண்ணிடலாம்னு சொல்லியிருக்கேன். முப்பது ஜோடி வைக்கலாமாம்."

"நம்ம வீட்ல இருக்கறது ரெண்டு பேரு!"

"மிச்சத்துல உங்க சர்டிபிகேட்டை வச்சுக்கலாம்."

அன்று ராத்திரி சர்வேயருக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. அந்தப் பலகை ஒவ்வொன்றையும் அவர் தன் கையால் இழைத்திருந்தார்.

அதனால் இன்று கவிழ்ந்தாக வேண்டும்.

வழக்கமாகப் பரீட்சை ஏரிக்குள் நீளும் மரத்துறையின் கோடியில் நடக்கும். மற்ற ஆறு பேரும் போன வாரமே அங்கே கவிழ்ந்து, நிமிர்ந்து, தேறியிருந்தார்கள். ஆனால் சர்வேயரின் மனைவி மழைக்கோட்டு, அதன் மேல் மிதவைச் சட்டை, அதன் மேல் இன்னொரு மிதவைச் சட்டை என்று அடுக்கிக்கொண்டு வந்து, "கரையோரமா இருந்தாத்தான் ஏறுவேன்" என்று சொல்லிவிட்டார். சரி என்று படகை எட்டரை மணிக்கே கரையை ஒட்டி, துறை தொடங்குகிற, பாசி படர்ந்த மூலையில் இறக்கிக் கட்டினார்கள். சாமான் ஏற்ற அரை மணி ஆயிற்று.

ஒன்பது மணிக்குப் பல் டாக்டர் ஸ்டாப் வாட்சோடு துறையில் வந்து நின்றார். அவர்தான் சங்கத்தின் செயலாளர். மற்ற ஐந்து பேரும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்திருந்தார்கள்.

"கவிழ்க்கலாம்" என்றார்.

சர்வேயர் இடது விளிம்பில் ஏறி நின்றார். படகு அசையவில்லை. குதித்தார். பாய்மரம்தான் கொஞ்சம் நடுங்கியது. வலது விளிம்புக்குப் போய்க் குதித்தார். அதே கதை.

"நீயும் இந்தப் பக்கம் வாம்மா" என்றார் மனைவியிடம்.

"நான் எதுக்கு? பரீட்சை உங்களுக்குத்தானே?"

"கூட வர்ற ஆளும் கவிழணும். விதி."

"கல்யாணத்தன்னைக்கே எனக்கு அது தெரியும்" என்றபடி மனைவி கண்ணை இறுக மூடிக்கொண்டு விளிம்புக்கு வந்தார். ஒரு நிமிஷம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பிறகு இன்னொன்றையும். "என்னங்க, ஒண்ணுமே ஆகல?"

"நாலு நிமிஷம்" என்றார் டாக்டர்.

பௌதிக வாத்தியார் துறையின் விளிம்பில் குந்தி உட்கார்ந்து படகை ஆராய்ந்தார். சங்கத்தில் எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பவர் அவர். விளக்கம் சரியாக இருக்க வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தியதில்லை.

"எடை போதல. டாக்டர் ஏறினா கவிழும்."

டாக்டர் நூற்றுப் பத்து கிலோ. அவர் போன வாரம் ஏறிய மாத்திரத்தில் அவருடைய சொந்தப் படகு கவிழ்ந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். ஸ்டாப் வாட்சைச் சங்கத்து ஆளான பெட்டிக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு டாக்டர் படகில் இறங்கினார். இப்போது மூன்று பேரும் ஒரே விளிம்பில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல வரிசையாக நின்றார்கள். படகு முன்னைவிட அழுத்தமாக நின்றது.

"ஆச்சரியம்!" என்றார் டாக்டர். "என் கிளினிக் தரைகூட நான் நடந்தா கொஞ்சம் ஆடும்."

"பல்லைப் பிடுங்கற மாதிரிதான் டாக்டர். முதல்ல ஆட்டி விடணும்" என்றார் பெட்டிக்கடைக்காரர். ஆட்டிப் பார்த்தார்கள். ஆட்டியவர்கள்தான் ஆடினார்கள்.

வாத்தியார் அடுத்த யோசனையை எடுத்து விட்டார். பாய்மர உச்சியில் கயிறு கட்டித் துறையிலிருந்து இழுப்பது. டாக்டர் மேலே ஏறி வந்தார். அவரோடு சேர்ந்து நாலு பேர் இழுத்தார்கள். கயிறு விறைத்தது, மரம் முனகியது. "மெதுவா! மெதுவா!" என்று சர்வேயர் கத்தி முடிப்பதற்குள் கயிறு பட்டென்று அறுந்து, நாலு பேரும் பலகையில் மல்லாந்து விழுந்தார்கள். டாக்டரின் மூக்குக் கண்ணாடி ஏரிக்குள் போய்விட்டது. பாய்மரத்தில் முழ நீளத்துக்கு ஒரு கீறல்.

"பத்து நிமிஷம் ஆச்சு" என்றார் பெட்டிக்கடைக்காரர், கடமை தவறாமல்.

சர்வேயருக்கு உலகமே இருண்டது. முப்பது ஜோடி செருப்பு அவர் கண்முன் வரிசை கட்டி நின்றது. "இன்னும் பத்து நிமிஷம் கொடுங்க டாக்டர். சாமான் கனம்தான் அடியில அமுக்குது. பாருங்க, தண்ணி மட்டத்துக்குன்னு நான் வரைஞ்ச வெள்ளைக் கோடு ஒரு சாண் உள்ள போயிருக்கு."

சாமான்களை இறக்கினார்கள். கூடாரம், போர்வை, தண்ணீர்க் கேன்கள், மண்ணெண்ணெய், மனைவி தன் கைப்பை என்று சொல்லி எடுத்து வந்த பெட்டி, எல்லாம் துறைக்கு வந்தன. அடுப்பு மட்டும் திருகு போட்டு முடுக்கியிருந்ததால் படகிலேயே இருந்தது. வெள்ளைக் கோடு ஓர் இம்மிகூட மேலே வரவில்லை.

வாத்தியார் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "கவனிச்சீங்களா? பாரம் ஏத்தினா இறங்கல. இறக்கினா ஏறல. இதுக்குப் பேருதான் பூரண சமநிலை. புஸ்தகத்துல படிச்சிருக்கேன், கண்ணால பார்த்ததில்ல."

அந்த நேரம் பார்த்து உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு மோட்டார் லாஞ்ச் வேகமாகக் கடந்தது. அலை வந்து மோதியதில் துறையின் மறுபக்கம் கட்டியிருந்த ஆறு படகுகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு குதியாட்டம் போட்டன. சர்வேயரின் படகு அலையைச் சட்டை செய்யவே இல்லை. விளிம்பில் டாக்டர் வைத்துவிட்டுப் போயிருந்த தேநீர்க் கோப்பையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

துறையில் நின்றவர்கள் கோப்பையை மரியாதையோடு எட்டிப் பார்த்தார்கள்.

"அலை வந்துச்சா என்ன?" என்று கேட்டார் மனைவி. அவர் இப்போது இரண்டு மிதவைச் சட்டைகளையும் கழற்றிவிட்டு, தளத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் போட்டுப் பார்த்தார். சட்டி நகரவில்லை. "என்னங்க, நம்ம வீட்டு அடுப்படிதான் இதைவிட ஆடுது. இதுல மூணு நாள் என்ன, ஒரு மாசம் இருக்கலாம் போலிருக்கே. இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் தான் செய்த ஒன்றை மனைவி பாராட்டிக் கேட்டது சர்வேயருக்கு இதுதான் முதல் தடவை. போன தடவை அவர் வைத்த ரசத்தை, மூடி வைக்கச் சொன்னதோடு சரி.

கரையில் பாசி வாருகிற அம்மா ஒருவர் நீளமான வாரியை ஊன்றிக்கொண்டு வெகு நேரமாக நின்றிருந்தார். "சார், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? இந்த மூலையிலதான் எனக்கு வேலை" என்றார்.

"அவசரப்படாதீங்கம்மா. இங்க ஒரு பெரிய விஷயம் நடந்துட்டிருக்கு" என்றார் வாத்தியார்.

பெரிய விஷயம்தான். சங்கம் துறையிலேயே அவசரக் கூட்டம் போட்டது. பெட்டிக்கடைக்காரர் விதியை விதியென்றே பார்க்க வேண்டும் என்றார். கவிழாவிட்டால் ஃபெயில். டாக்டர் கண்ணாடி இல்லாமல் அவர் இருக்கும் திசையை உத்தேசமாகப் பார்த்துப் பேசினார்.

"விதி எதுக்கு வச்சோம்? கவிழ்ந்தா பிழைக்கத் தெரியுமான்னு பார்க்க. கவிழவே கவிழாத படகுகிட்ட போயி கவிழ்ந்து காட்டுன்னா எப்படி? சொத்தையே இல்லாத வாய்ல நான் எதைப் பிடுங்கறது?"

ஓட்டெடுப்பில் விதி திருத்தப்பட்டது. டாக்டர் பதிவேட்டை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு, "கவிழ்க்க இயலாத படகு. சிறப்புத் தேர்ச்சி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதோடு விடவில்லை. பயணத்தில் சர்வேயரின் படகுதான் முன்னால் போக வேண்டும், எல்லாருடைய அரிசியும் மருந்தும் அதில்தான் பத்திரமாக இருக்க வேண்டும் என்றும் தீர்மானம் ஆயிற்று. வாத்தியார் தன் அடுத்த படகுக்கு அளவுகளைத் தர முடியுமா என்று கேட்டார். சர்வேயர் கொஞ்சம் யோசிப்பது போலப் பாவனை செய்துவிட்டு, "பார்க்கலாம்" என்றார். இரண்டு வருஷமாகத் தன் படகைத் தொட்டி என்று கேலி செய்த ஆளிடம் அப்படிச் சொல்வதில் ஒரு தனி ருசி இருந்தது.

மனைவி போனை எடுத்துத் தச்சருக்குப் போட்டார். "அலமாரி வேண்டாங்க. ஆமா, பாஸாயிட்டாரு. எங்க வீட்டுக்காரர்தான். முதல் மார்க்." அடுத்து அக்காவுக்குப் போட்டார். "அன்னைக்கு உன் வீட்டுக்காரர் சிரிச்சாரே, அவரை அடுத்த ஞாயித்துக்கிழமை இங்க வந்து பார்க்கச் சொல்லு" என்றார். சர்வேயர் காதில் விழாதது போல நின்று ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார். கண்ணோரம் நனைந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"சரி, சும்மா ஒரு சுற்றுப் போயிட்டு வரோம். எல்லாரும் பார்க்கட்டும்" என்றார்.

நல்ல காற்று. சர்வேயர் பாயை ஏற்றினார். வெள்ளைப் பாய் உப்பி விறைத்து நின்ற அழகைப் பார்த்து ஆறு பேரும் கை தட்டினார்கள். மனைவி, கிளம்புகிற ரயிலிலிருந்து காட்டுவது போலக் கை காட்டினார். வாத்தியார் கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் வீசினார்.

எல்லாரும் கை காட்டி முடித்தார்கள். படகு அங்கேயே இருந்தது. மனைவி காட்டிய கையை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் வைத்திருந்தார்.

"முன் கயிறை அவிழ்த்தீங்களா வாத்தியாரே?" என்று கேட்டார் சர்வேயர்.

"முன்னும் அவிழ்த்தாச்சு, பின்னும் அவிழ்த்தாச்சு. சமநிலை அதிகமா இருந்தா கிளம்பக் கொஞ்சம் நேரமெடுக்கும்."

பாசி வாருகிற அம்மா வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி, விறுவிறுவென்று நடந்து வந்து, சர்வேயருக்குப் பக்கத்தில் நின்றார். தண்ணீர் அவருடைய முழங்காலைத் தாண்டவில்லை.

"சார், இது கிளம்பாது, நீங்க கட்டிப்போட்ட பத்தாவது நிமிஷமே அடியில குமிழி விட்டு முழுகித் தரையில உட்கார்ந்துடுச்சு."