சவிரிமுத்து உட்காரவில்லை

"இன்னும் முடியேல்லையோ, சவிரி அண்ணை?" என்று தலைவர் இந்திரகுமார் கேட்டபோது சுவர்க்கடிகாரத்தில் நாலே முக்கால்.

"இப்பத்தானே தொடங்கினனான்," என்றார் சவிரிமுத்து.

2005 ஒக்டோபர் கடைசி ஞாயிறு. பிள்ளைகளின் பேச்சுப்போட்டிக்கு நடுவரைத் தெரிவு செய்ய, புலம்பெயர் தமிழ்ச் சங்கத்தின் ஏழு பேர் ட்வெய்ட்டா மண்டபத்தில் கூடியிருந்தார்கள். மூன்று மணிக் கூட்டம் வழக்கம்போல நாலுக்குத் தொடங்கியது. தமிழ் வகுப்பு எடுக்கும் இமெல்டா ரீச்சரின் பெயர் முன்மொழியப்பட்டதுமே சவிரிமுத்து பேச எழுந்துவிட்டார். பேசி முடித்த பிள்ளையிடம் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கிறவர் ரீச்சர். சவிரிமுத்து எழுதி மனப்பாடம் செய்வித்த பேச்சுக்கு போட்டியில் பேசப்போகும் மகள் லீசா என்ன அர்த்தம் சொல்வாள்? "வெட் இக்கே" என்பாள், பள்ளிக்கூடத்து மொழியில். தெரியாதாம்!

சங்கத்தின் யாப்பை, அதாவது சட்டதிட்டங்களை, மகா புத்திசாலிகள் எழுதியிருந்தார்கள். ஒருவர் ஒரு முறைதான் பேசலாம். ஆனால் பேசுகிறவரை யாரும் நிறுத்த முடியாது. மண்டபம் ஆறு மணி வரைதான். அதற்குள் வாக்கெடுப்பு நடக்காவிட்டால் பழைய நடுவரே தொடருவார். பழைய நடுவர், சவிரிமுத்துவின் மனைவியுடைய தம்பி றெஜினோல்ட். நீதி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

ஐந்து மணிக்குப் பேசச் சரக்குத் தீர்ந்துவிட்டது. நேரத்தை ஓட்ட ரீச்சரின் வரலாற்றை எடுத்தார். பதினைந்து வருஷம் சம்பளமில்லாமல் படிப்பித்தது, பனியில் நடந்து வந்து வகுப்பெடுத்தது என்று நீட்டினார். அதுவரை இரண்டு மனதாக இருந்தவர்கள் ரீச்சரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

பதறிப்போய் மச்சானின் பெருமைக்குத் தாவினார்.

"போன வருஷம் றெஜினோல்ட் என்ன பொறுமையா இருந்தவர்! நித்திரை கொண்டபோதுகூட கதிரையை விட்டு எழும்பேல்லை!"

"அத்தான்!" எதிர்க் கதிரையிலிருந்த றெஜினோல்ட் பல்லைக் கடித்தார். "வாக்கெடுப்பு வரட்டும். நானும் ரீச்சருக்குத்தான் கை தூக்குவன்."

வந்தால்தானே! சவிரிமுத்து யாப்பையே முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். தொண்டை கட்டியது, கண் இருட்டியது, வெட்கம் மட்டும் வரவில்லை. கடிகாரம் ஆறைத் தொட்டதும் பொத்தென்று உட்கார்ந்தார்.

மண்டபத்தைத் துப்புரவாக்கிப் பூட்டுகிற புஷ்பராணி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"நேரம் முடிஞ்சுது, தங்கச்சி. பூட்டுங்கோ," என்றார் சவிரிமுத்து கீச்சுக்குரலில், வெற்றிச் சிரிப்போடு.

அவள் சுவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"குளிர்காலத்துக்கு நேற்று இரவு நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு விட்டது உங்களில ஒருத்தருக்கும் தெரியாதோ? இந்தச் சுவர்க்கடிகாரம் இன்னும் மாத்தேல்லை; இப்ப அஞ்சுதான், பூட்ட இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. உங்கட சங்கம் இண்டைக்குத்தான், அண்ணை, சொன்ன நேரத்துக்குத் தொடங்கியிருக்கு!"