கந்தசஷ்டியில் ஒரு கருவாட்டுச் சட்டி

விரதம் பிடிக்கிறவனுக்குப் பசியைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு. தான் விரதம் என்பதை நாலு பேருக்குச் சொல்லாமல் இருப்பது. பசியை நான் பலமுறை வென்றிருக்கிறேன். மற்றதில் முருகன் என்னைக் கைவிட்டுவிட்டான். (அவனைக் குறை சொல்லக் கூடாது. வாய் என்னுடையது.)

தொண்ணூறாம் ஆண்டு நடந்தது இது. நாங்கள் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் வெங்காயம் செய்கிற ஆட்கள். எங்கள் வீட்டு வளவின் பின்பக்கத்தில் மூத்த மகளுக்குச் சீதனமாகக் கட்டிய சின்ன வீடு ஒன்று இருந்தது. ஓர் அறை, சமைக்க ஒரு குசினி. காங்கேசன்துறைப் பக்கத்துச் சனமெல்லாம் ஷெல்லுக்குத் தப்பி ஓடிவந்த நாட்களில், சின்னராசாவும் அவன் மனைவி மகேசும் இரண்டு பிள்ளைகளும் எங்கள் வாசற் படலையில் வந்து நின்றார்கள். கடல்தொழில் செய்கிற குடும்பம். வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு, கையில் அகப்பட்ட ஒரு சாக்குக் கருவாட்டோடு வந்திருந்தார்கள்.

"காசில்லை அண்ணை. நிவாரண அட்டை பதிஞ்சு தந்திருக்கினம். சங்கக் கடையிலை அதுக்குத் தாற மாவிலையும் பருப்பிலையும் ஒரு பங்கு வாடகையாத் தாறம்," என்றான் சின்னராசா.

எனக்கும் அப்போது காசு கண்ணில் படாத காலம். ஓம் என்றேன். ஒரேயொரு நிபந்தனை போட்டேன். கந்தசஷ்டி ஆறு நாளும் வளவுக்குள் மீன், கருவாடு என்று எந்த மச்சமும் காய்ச்சக் கூடாது. (மற்ற நாட்களில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து இருக்கும் இடத்தை மாற்றிக்கொள்வேன்.)

கடலுக்குப் போகத் தடை. அரசாங்கம் கொடுத்த அந்த அட்டைதான் அவர்களுக்கு இப்போது கடலும் வலையும்.

சஷ்டி வந்தது. மகேஸ் நான் கேட்டதற்கு மேலே போனாள். அடுப்பையே அணைத்துவிட்டாள். கல்லைக் கழுவி, சாணத்தால் மெழுகி, நடுவில் ஒரு கோலமும் போட்டாள். "மச்சம் காய்ச்சின அடுப்பு அண்ணை, ஆறு நாளும் சும்மா கிடக்கட்டும். நாங்களும் முருகனைக் கும்பிடுற சனந்தானே," என்றாள். என் மனைவி தங்கத்துக்கு மனம் உருகிவிட்டது. அந்த ஆறு நாளும் அவர்களுக்கான சோற்றைத் தானே காய்ச்சி அனுப்பினாள்.

மூன்றாம் நாள் அட்டைகளைப் பரிசோதிக்க விதானையார் வந்தார். (அரசாங்கம் அவரைக் கிராம சேவகர் என்று சொல்லும். எங்களுக்கு என்றைக்கும் விதானையார்தான்.) நெற்றி நிறையத் திருநீறு, கையில் சஷ்டிக் காப்பு. எனக்கு மேலான விரதக்காரர் ஒருவரைக் கண்டதும் எனக்குள் ஏதோ துள்ளியது.

அவர் சின்ன வீட்டுக் குசினியை எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, அடுப்பு எரிஞ்ச அடையாளமே இல்லை?"

'ஆறு நாளைக்கு மட்டும் ஐயா' என்றால் விஷயம் முடிந்தது. நான் சால்வையைச் சரிசெய்துகொண்டேன்.

"ஐயா, என்ரை வளவுக்குள்ளை மச்ச அடுப்பு எண்ட கதைக்கே இடமில்லை. ஒரே அடுப்புத்தான். எங்கடை சோறுதான் அவைக்கும்."

கதவுக்குப் பின்னால் நின்ற மகேஸ் தலையைத் தலையை ஆட்டினாள். கண் கலங்கியிருந்தது. நன்றியில் கலங்குகிறாள் என்று நினைத்து நான் இன்னும் ஒருபடி ஏறினேன். "உவையை நான் வேறை ஆக்களாய் நினைக்கிறேல்லை ஐயா."

"நல்ல மனம்," என்றார் விதானையார். என் விரதம் அந்த நிமிடமே பலித்துவிட்டது போலிருந்தது. "அப்ப இவைக்கு அட்டை தேவையில்லை. வீட்டுக்காரன் சோறு போடுற குடும்பத்துக்கு நிவாரணம் இல்லை. பள்ளிக்கூடங்களிலை எத்தினை சனம் அட்டைக்குக் காத்துக்கொண்டு கிடக்குது."

அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார். தன் வாடகையைத் தானே வெட்டுவித்த வீட்டுக்காரன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தங்கம் சுவாமிப் படத்தைப் பார்த்துக் கேட்டாள். "முருகா, இந்த மனிசனைச் சோத்தை விடச் சொன்னனி, ஆறு நாளைக்குக் கதையையும் விடச் சொல்லியிருக்கக் கூடாதோ?"

அடுத்த நாள் காலை எனக்கு ஒரு யோசனை வந்தது. (பசியில் வந்த யோசனை.) அவர்கள் தனியாகச் சமைக்கிறவர்கள் என்பதற்கு என்ன சாட்சி? கருவாட்டுச் சட்டி! சைவச் சாப்பாட்டுக்காரரான எங்கள் வீட்டில் அப்படியொரு சட்டி இருக்க முடியாது என்பது ஊருக்கே தெரியும்.

"வேண்டாம் அண்ணை, விரதத்தோடை அதைத் தொடாதேங்கோ," என்று மகேஸ் கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. சால்வையில் சுற்றிச் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு வெளிக்கிட்டேன். வெயில் ஏற ஏற வாசமும் ஏறியது. இரண்டு பூனைகள் ஒழுங்கை முடியும்வரை வழியனுப்ப வந்தன. கோயிலால் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர் மூக்கைச் சுளித்தார்.

"எங்கையண்ணை, சஷ்டியும் அதுவுமா?"

"விதானையார் வீட்டை."

"ஐயோ, அந்த மனிசனும் விரதத்தை விட்டிட்டாரோ?"

விதானையார் வீட்டு முற்றத்தில் அவருடைய மனைவி பூமாலை கட்டிக்கொண்டிருந்தார். நான் சால்வையை அவிழ்த்தேன். "பாருங்கோ ஐயா, இது அவையின்ரை தனிச் சட்டி. நம்பாட்டில் மணந்து பாருங்கோ!"

மணந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. அந்த அம்மா மாலையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்.

"நேற்று மச்ச அடுப்பே இல்லையெண்டாய். இண்டைக்கு மச்சச் சட்டியோடை வாறாய். இதிலை எது பொய்?" என்றார் விதானையார்.

"இரண்டும் உண்மை ஐயா," என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைகளில் யாருமே நம்பாதது அதுதான். நான் படலையைத் தாண்டும் முன்னரே பின்னால் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிற சத்தம் கேட்டது.

விரதம் முடிந்து திரும்பவும் போய்க் கேட்டபோது, அந்த அட்டைக்கு வேறொரு குடும்பத்தைப் பதிந்தாகிவிட்டது என்றார்.

பிறகு ஒரே அடுப்பு என்று நான் சொன்னது உண்மையாகிவிட்டது. கொழும்புக்குப் பாதை இல்லாமல் வெங்காயம் வீட்டிலேயே அழுகிக்கொண்டிருந்தது. தங்கம் இருந்ததை வைத்து எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சினாள். மகேஸ் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, "எனக்குப் பசியில்லை அக்கா," என்பாள். அந்தச் சொல்லை என்னைப்போன்ற விரதக்காரன் நம்ப மாட்டான். ஒருகாலத்தில் கரையில் நின்ற எல்லோருக்கும் மீன் அள்ளிக் கொடுத்த சின்னராசா என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதையே விட்டுவிட்டான்.

ஒரு காலை மூட்டை முடிச்சோடு முற்றத்தில் நின்றான். "பள்ளிக்கூட முகாமுக்குப் போறம் அண்ணை. அங்கை பதிஞ்சால் அட்டை கிடைக்குமாம்."

"இருக்கிறதைச் சாப்பிடுவம், இரடா."

"அது உங்கடை பிள்ளையளின்ரை சோறு அண்ணை."

அவர்கள் போனபின் குசினிக்குள் போய்ப் பார்த்தோம். போகிற போக்கிலும் மகேஸ் அடுப்பை மெழுகிக் கோலம் போட்டிருந்தாள். தங்கம் அதன் முன்னால் குந்தியிருந்து அழுதாள். அந்த வீட்டை அதற்குப் பிறகு யாருக்கும் வாடகைக்கு விட மனம் வரவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி வருகிறது என்று எங்கள் வலிகாமப் பகுதியே எழும்பி மழைக்குள் நடந்தது. நாங்களும் நடந்தோம். தென்மராட்சியில் யாரோ ஒரு புண்ணியவானின் மாந்தோப்பில், தென்னோலைக் கிடுகால் மறைத்த கொட்டிலில் ஒதுங்கினோம். விறகெல்லாம் ஈரம். தோப்புக்காரர் வீட்டில் தந்த கஞ்சிதான் சாப்பாடு. நிவாரணத்துக்குப் பதிய அந்த ஊர் விதானையார் கொட்டில் கொட்டிலாக வருகிறார் என்று சத்தம் கேட்டது. எங்கள் அடுப்பு வெறும் மூன்று கல்லாகக் கிடந்தது.

அப்போது தோப்பின் மற்றப் பக்கத்தால் ஒரு பெண் ஓடி வந்தாள். கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை. சிரட்டைக்குள் தணல்.

"அண்ணை, கெதியாப் பத்த வையுங்கோ! விதானையார் வாறார்!"

மகேஸ்தான். அதே தோப்பில்தான் அவளும் ஒதுங்கியிருந்திருக்கிறாள். அவளே குந்தியிருந்து ஊதி நெருப்பு மூட்டி, எங்கள் பானையில் தண்ணீர் வைத்துவிட்டு எழும்பவும் விதானையார் குனிந்து உள்ளே பார்க்கவும் சரியாக இருந்தது.

"தனி அடுப்போ?"

நான் வாயைத் திறந்தேன். தங்கம் என் காலை மிதித்தாள்.

"ஓம் ஐயா, தனி அடுப்பு," என்றாள் மகேஸ். "இவையை எனக்கு முந்தியே தெரியும்."

அவர் பதிந்துகொண்டு போனபிறகுதான் அவள் நெற்றியைக் கவனித்தேன். திருநீறு மட்டும் இருந்தது.

"சின்னராசா எங்கை பிள்ளை?"

"கடலுக்குப் போனவர். வரேல்லை அண்ணை." சிரட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு. ஒவ்வொரு காலையும் தீக்குச்சியைத் தட்டும்போது தங்கம், "கெதியா! விதானையார் வாறார்!" என்று சத்தமிடுவாள். விதானையார் எப்படி இருப்பார் என்றே தெரியாத பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

சஷ்டி விரதம் இன்றும் பிடிக்கிறேன். யாருக்கும் சொல்வதில்லை. அந்த ஆறு நாளும் தங்கமும் அந்தப் பகிடியைச் சொல்வதில்லை. அடுப்படியைத் துடைத்து, மகேஸ் போட்டதுபோல ஒரு கோலம் போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள்.