இருபத்து மூன்று முறிவுப் படலம்

வாழ்க, வாழ்க! வானளாவிய கட்டடங்களில் ஏறியிறங்கும் இரும்புப் பெட்டிகளின் காவலர், அவற்றைத் தாங்கும் வடக்கம்பியைத் தட்டிப் பார்த்தே அதன் ஆயுளைச் சொல்லும் கூர்ஞ்செவியர், சோதித்துப் பாராத எதையும் பெற்ற தாய் சொன்னாலும் ஏற்காத திண்ணெஞ்சர், லிப்ட் பரிசோதகர் வாழ்க! அவர் புகழை முழுதும் பாட ஆயிரம் நா வேண்டும். இருப்பது ஒன்றே ஆதலால், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் சாப்பாட்டு மேசைமேல் அவர் புரிந்த பெரும்போரை மட்டும் இங்கே உரைப்போம்.

எதிரே நின்றவள் அவர் மனைவியின் தங்கை, அறுவை அரங்குகளில் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர். வாளோங்காமல், வசைமொழி பேசாமல், "பத்து வரைக்கும் எண்ணுங்க" என்ற ஒற்றைச் சொற்கணையால் மலையனைய மனிதரையும் நான்கு எண்ணுமுன் சாய்க்கும் பேராற்றலாள். சீட்டாயினும் கேரமாயினும் சதுரங்கமாயினும், அவளிடம் ஆண்டாண்டாகத் தோற்று நம் வீரர் மார்பில் ஏந்திய விழுப்புண்களை உறவினர் அனைவரும் அறிவர். அவள் சொல்லிக்கொண்டே இருந்ததால் அறிவர்.

போர் மூண்டது கூடத்து மின்விசிறியால். அதன் இறக்கைகள்மேல் தூசி கார்முகிலெனத் திரண்டிருக்க, ஏணியேறித் துடைப்பவர் யார் என்ற வினா எழுந்தது. மைத்துனி தன் பைக்குள் கைவிட்டு, நோயாளி ஒருவர் அன்போடு தந்த ஆறு சாக்லேட் பலகைகளை மேசைமேல் எறிந்து அறைகூவினாள்.

"பாருங்க அத்தான், ஒவ்வொண்ணுலயும் இருபத்திநாலு கட்டம். தனித்தனிக் கட்டமா உடைக்கணும். ஒரு தடவைக்கு ஒரு துண்டைத்தான் எடுக்கணும், கோட்டோட நேரா உடைக்கணும், அடுக்கி வச்சு உடைக்கக் கூடாது. யாரு கம்மியான தடவையில முடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. தோத்தவங்க ஏணி ஏறணும்."

வீரர் சட்டைக்கையை மடித்தார். மனைவி, சண்டையில் பங்கில்லாமல் சாக்லேட்டில் மட்டும் பங்குடைய நடுவராக அமர்ந்தாள்.

முதற்போரில் அவர் பகைவர் படையை நட்டநடுவே பிளக்கும் தளபதிபோல் பாதி, பாதியில் பாதி என்று பிளந்துகொண்டே போனார். அவளோ கோட்டைச் சுவரிலிருந்து செங்கல் வரிசைகளை உருவுபவள்போல் ஓரத்திலிருந்து ஒவ்வொரு வரிசையாகக் கழற்றினாள். இருவர்க்கும் இருபத்து மூன்று. இரண்டாம் போரில் அவர் வழியை அவளும் அவள் வழியை அவரும் கவர்ந்துகொண்டனர். மறுபடியும் இருவர்க்கும் இருபத்து மூன்று. மூன்றாம் போரிலோ வீரர் வியூகம் துறந்தார். மதங்கொண்ட யானை கரும்புக்காட்டில் புகுந்ததுபோலக் கைபோன இடத்தில் முறித்து, முறித்து, முறித்து, ஈற்றில் நிமிர்ந்து முழங்கினார்:

"இருபத்திரண்டு! இருபத்திரண்டே இருபத்திரண்டு! ஏணிய எடுத்து வைம்மா!"

மைத்துனியின் முகம் மங்கியது. எத்தனை ஆண்டுத் தாகம்! அந்தப் புகழ் முழுதாக ஒரு நிமிடம் நின்றது. பிறகு மனைவி தட்டிலிருந்து ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏங்க, இது ரெட்டை."

இரண்டு கட்டங்கள் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. அதை உடைத்தார். இருபத்து மூன்று. தங்கையும் தன் பலகையை முடித்திருந்தாள். அவளுக்கும் அதே கதி.

"எப்படி உடைச்சாலும் இருபத்திமூணுதான் வருது. ஏன்?" என்றாள் மனைவி.

"அப்படித்தான் வருது. ஆறு தடவை பாத்தாச்சே" என்றார் வீரர்.

"ஏழாவது தடவை மாறாதுன்னு என்ன நிச்சயம்?"

அந்த அம்பு, எய்த மனைவியே அறியாத இடத்தில் தைத்தது. நூறு முறை லிப்டை ஏற்றியிறக்கிச் சோதித்துக் கையெழுத்திட்ட பின்னும், நூற்றோராவது முறை என்னாகுமோ என்ற ஐயம் அவரை விடாது. அதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. அதற்கு மருந்து நிரூபணம் என்பதை அவர் நினைத்ததுமில்லை. பள்ளியில் அவர் கண்ட நிரூபணம், நெட்டுருப் போட்டு ஒப்பித்து, நடுவில் ஒரு வரி மறந்து, பெஞ்சுமேல் ஏறி நிற்பது.

ஆயினும் அவர் கண் தட்டைவிட்டு அகலவில்லை. இருபத்திரண்டு முறை உடைத்தபோது தட்டில் எத்தனை துண்டு? அந்த இரட்டையை ஒன்றாக எண்ணினால் இருபத்து மூன்று. இன்னொரு முறை உடைத்ததும் இருபத்து நான்கு. அப்படியானால் தொடக்கத்தில்? முழுப் பலகை, ஒரே துண்டு. ஒவ்வொரு முறிவிலும் ஒரு துண்டு போய் இரண்டு வருகிறது. எங்கே முறித்தாலும், எவர் முறித்தாலும், கோபத்தில் முறித்தாலும், கூடுவது ஒன்று, ஒன்றே ஒன்று. ஒன்றிலிருந்து இருபத்து நான்குக்குப் போக இருபத்து மூன்று படிகள். குறுக்கு வழி இல்லை; சுற்றுவழியும் இல்லை.

அக்கணம், உலகத்துச் சாக்லேட்டுகள் யாவும், உடைந்தவை, உடையாதவை, இன்னும் அச்சில் வார்க்கப்படாதவை உட்பட, திறை சுமந்து வந்த சிற்றரசரென அவர்முன் தலைவணங்கி நின்றன. நூற்றோராவது முறையின் ஐயம் அடங்கியது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, கண்டதை இருவர்க்கும் உரைத்தார்.

மைத்துனி விடவில்லை. "அப்போ நூறு கட்டம் இருந்தா?"

"தொண்ணூத்தொம்பது."

"உடைச்சுப் பாக்க வேணாமா?"

"வேணாம்." ஒரு சோதனையைக் குறித்து அச்சொல்லை அவர் மொழிந்தது வாழ்நாளில் அதுவே முதல்முறை.

"அவ்வளவு பெரிய சாக்லேட் எந்தக் கடையில இருக்கு?"

"எந்தக் கடையிலயும் இல்லாட்டியும் தொண்ணூத்தொம்பதுதான்."

அவளுக்கு, போரிட்ட இருவரில் எவரும் வெல்லவோ தோற்கவோ ஆகாத போர் இது என்பது உறைக்க, தன் வரலாற்றிலேயே முதன்முறையாகத் தணிந்த குரலில், "இன்னொரு தடவை சொல்லுங்க அத்தான், முதல்லேருந்து" என்றாள். அவர் சொன்னார். அவள் ஏணியைப் பிடிக்க, தானே விரும்பி ஏறி விசிறியைத் துடைத்தபடியே மூன்றாம் முறையும் சொன்னார். இறங்கி வந்து, வெற்றித்திருவின் விருந்தென மூவரும் ஆறு பலகைகளையும் உண்டு முடிக்கும்வரை, கேட்பவர் சலித்தாலும் சொல்பவர் சலியாமல், ஒன்று இரண்டாகும் அந்த ஒப்பற்ற உண்மையைச் சுவைத்துச் சுவைத்துச் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

மறுநாள் அவருக்குப் பல் வலித்தது.