விலாசம் அக்காவின் பதினொரு ஆணிகள்

கண்டிப் பக்கத்தில் ஆகக் கூடுதலான ஆட்கள் குடியிருக்கும் வீடு எது தெரியுமா? கெலிஓயாவில் விலாசம் அக்காவின் இரண்டு அறை வீடுதான். உள்ளே இருப்பது அக்கா ஒருத்தி. காகிதத்திலோ இன்னும் பதினொரு பேர்!

பல்கலைக்கழகம் முடித்த கையோடு, கண்டியில் வீடில்லாதவர்களுக்கு உதவும் ஒரு சங்கத்தில் மூன்று மாதம் பயிற்சிக்குப் போனேன். கோட்பாடெல்லாம் கரைத்துக் குடித்துவிட்டுப் போனவள் நான். அங்கே தேத்தண்ணி ஊற்றி, படிவம் நிரப்பும் விலாசம் அக்காவோ, யார் வந்தாலும் பெயரைக்கூடக் கேட்கமாட்டார். “கடிதம் வந்தா எங்க குடுப்பாங்க?” என்பார். வந்தவர் முழிப்பார். உடனே தன் வீட்டு விலாசத்தை எழுதிவிடுவார். அவர்களுக்கு வரும் கடிதங்களைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்து, பள்ளிக்கூடத்தில் இடாப்புப் பார்த்துப் பெயர் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டுக் கொடுப்பார். சங்கத் தலைவர் தலையில் அடித்துக்கொள்வார்.

பஸ் ஸ்டாண்டில் படுக்கும் முத்தையா அண்ணனுக்கு, பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் வாட்சர் வேலை சரிவந்தது. மாத முடிவுக்குள் அடையாள அட்டை வேண்டும், இல்லாவிட்டால் வேலை இன்னொருவருக்கு. அட்டைக்கு விலாசம் வேண்டும், விலாசத்துக்குக் கிராம சேவகரின் கையெழுத்து வேண்டும். அக்கா வழக்கம்போல் எழுதிவிட்டார்.

கிராம சேவகர் ஒரு முஸ்லிம் அண்ணன், ஊருக்கே ‘நானா’. பதினோராவது பெயரைக் கண்டதும் நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். அக்கா வரச்சொல்லி அங்கே போயிருந்த நானும் முத்தையா அண்ணனும் மூலையில் ஒதுங்கி நின்றோம்.

“என்ன அக்கா, ரெண்டு ரூமுக்குள்ள இவ்வளவு பேர் எப்படி ஈக்கிற?”

“உள்ள வந்து பாருங்க சேர்.”

சுவரில் பதினொரு ஆணி. ஒவ்வொன்றிலும் ஒரு துவாய், ஒரு பல் பிரஷ், பெயர் எழுதிய துண்டு. நாடகச் சாமான் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் பத்து பிரஷ் தேய்ந்திருந்தது! மழை வலுத்தால், காய்ச்சல் வந்தால், ஆள் மாற்றி ஆள் இங்கேதான் வந்து படுப்பார்களாம்.

நானா முத்தையா அண்ணன் பக்கம் திரும்பினார். “நீங்களும் இங்கயா ஈக்கிற?”

பொய் சொல்லத் தெரியாத மனுசன். “இல்லைங்க சேர். பஸ் ஸ்டாண்டுல.”

போச்சு! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா அசையவில்லை. “கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாரு சேர்.”

“கோவிச்சா?”

“பின்ன? பிரஷ்ஷப் பாருங்க, கவர்கூட பிரிக்கல. அவ்வளவு ரோசம்!”

நானா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “சரி, அடுத்த கிழமை வாறேன். அந்த பிரஷ் நனைஞ்சிருந்தாத்தான் கையெழுத்து.”

அந்தக் கிழமை முழுக்க முத்தையா அண்ணன் அங்கேயே தங்கி மூன்று வேளையும் பல் துலக்கினார். கையெழுத்து விழுந்தது, அட்டை வந்தது, வேலையும் கிடைத்தது.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனேன். அண்ணன் பல்லேகலயில் அறை எடுத்து இரண்டு வருசமாகிறது. அவருடைய துவாயும் பிரஷ்ஷும் அதே ஆணியில்.

“அவருக்குத்தான் ரூம் இருக்கே அக்கா, இத எடுத்துரலாமே?”

“நல்லாருக்கே! அங்கேருந்து கோவிச்சிக்கிட்டு வந்தாருன்னா?”

எனக்கும் ஓர் ஆணி அடியுங்கள் அக்கா என்று வாய்வரை வந்தது. வெட்கமாக இருந்தது, தேத்தண்ணியோடு விழுங்கிவிட்டேன்.