நாய்க்கு அஞ்சாத நிபுணர் தேவை

“மனசுல ஒரு ஆளை வெச்சிருக்கேன். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே, விளம்பரம் போட்டுத்தான் எடுக்கணும்” என்று சொல்லிவிட்டு, இயக்குநர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சிரித்தார்.

படிவத்தாருக்கு அடிவயிற்றில் தீப்பிடித்தது.

அவருக்குப் படிவத்தார் என்று பெயர் வைத்தது அலுவலகம். வீடு வீடாகப் போய், குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதும் அலுவலகம் அது. என்ன சாப்பிட்டாய், எங்கே படுத்தாய், பள்ளிக்கூடத்தில் யாராவது அடித்தார்களா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். அந்தப் படிவங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பதினேழு வருடம் தெருத்தெருவாக அலைந்தவர் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது கள மேற்பார்வையாளர். பெயர் மட்டும் மாறவில்லை.

இந்த வருடம் பெரிய ஆய்வு. அதற்கு ஒரு நிபுண ஆலோசகரை எடுக்க வேண்டும். இதற்கு முன்பும் ஆறு நிபுணர்கள் வந்து போயிருக்கிறார்கள். ஆறு பேரும் முதல் வாரமே அவரைத் தனியே கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “பிள்ளைங்க வாயே திறக்க மாட்டேங்குதே, என்ன செய்யறது?”

“சந்தோஷமா இருக்கியான்னு கேக்காதீங்க சார். மொக்கைப் பென்சிலைக் குடுத்து, கொஞ்சம் சீவிக் குடு கண்ணுன்னு சொல்லுங்க. சீவி முடிக்கறதுக்குள்ள வீட்டுக் கதை பூரா வந்துரும்” என்று சொல்லிக் கொடுப்பார்.

இரண்டு மாதம் கழித்து அது ‘பென்சில் அணுகுமுறை’ என்று நிபுணரின் பெயரில் அச்சாகி வரும். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் பெரிய பெயர்களெல்லாம் முடிந்த பிறகு ‘மற்றும் களப்பணியாளர்கள்’ என்று இருக்கும். அந்த ‘மற்றும்’ அவருடைய தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒருமுறை அவரே விண்ணப்பித்தார். நேர்காணலில் நாக்கு ஒட்டிக்கொண்டு, சொந்தப் பெயரைத் தவிர எதுவும் சரியாக வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு கட்டிவிட்டார்.

போகட்டும், யாரோ ஒரு நிபுணர் வரட்டும். ஆனால் சகலை வரக்கூடாது.

சகலை என்றால் மனைவியின் தங்கை கணவர். கல்லூரியில் புள்ளிவிவரம் சொல்லிக்கொடுப்பவர். வெளுத்த சட்டை, கசங்காத பேச்சு. படிவத்தாரின் ஒரே மகள் பள்ளிக் கட்டுரையில் ‘எனக்குத் தெரிந்த அறிஞர்’ என்ற தலைப்புக்குச் சித்தப்பாவைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாள். அப்பாவைப் பற்றி ஒரு வரி இருந்தது. சித்தப்பா வீட்டுக்கு அழைத்துப் போனவர் என்று.

அந்தச் சகலை போன செவ்வாய்க்கிழமை இயக்குநர் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கதவு வழியாக இரண்டு பேரும் படிவத்தாரைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். வெளியே வந்த சகலை, “அண்ணா, சும்மா ஒரு வேலையா வந்தேன்” என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். என்ன வேலை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன?

“நான் பத்து நாள் வெளியூர் போறேன். விளம்பரத்தை நீங்களே எழுதிப் போட்டுடுங்க. எப்படிப்பட்ட ஆள் வேணும்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?” என்று இயக்குநர் மறுபடி சிரித்தார். “நிபந்தனை எல்லாம் பொருத்தமா இருக்கணும், என்ன?”

“ரொம்பப் பொருத்தமா இருக்கும் சார்” என்றார் படிவத்தார்.

அன்றே வேலையை ஆரம்பித்துவிட்டார். சகலைக்கு ஒரே பையன். ஆகவே முதல் நிபந்தனை: விண்ணப்பதாரருக்குக் குறைந்தது இரண்டு குழந்தைகள் இருக்க வேண்டும்.

தட்டச்சர் அம்மா மூக்கில் விரலை வைத்தார். “இது எதுக்கு சார்?”

“குழந்தைங்க ஆய்வும்மா. அனுபவம் வேணாமா?”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மனைவி வாசலிலேயே சிரித்த முகத்தோடு நின்றாள். “சேதி தெரியுமா? தங்கச்சி மறுபடி முழுகாம இருக்கா!”

படிவத்தார் செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டார். எட்டு வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போதுதானா? இரண்டு குழந்தை என்று தட்டச்சான மை இன்னும் காயவில்லை!

“என்னங்க, சந்தோஷமில்லையா?”

“ரொம்ப சந்தோஷம்” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

மறுநாள் அதை ‘பள்ளி செல்லும் இரண்டு குழந்தைகள்’ என்று மாற்றினார். பிறக்காத குழந்தை பள்ளிக்கூடம் போக முடியாதல்லவா? ஆனாலும் மனம் ஆறவில்லை. வயதிலும் ஒரு பூட்டு போட்டுவிடலாம் என்று, சாப்பிடும்போது பேச்சுவாக்கில் விட்டார்.

“ஆமா, சகலைக்கு என்ன வயசு இருக்கும்?”

“நாப்பத்தஞ்சு. சர்டிபிகேட்ல ரெண்டு வயசு கம்மி. ஏன் கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

மறுநாள் காலை, வயது நாற்பத்திரண்டுக்கு மேற்படக் கூடாது என்ற நிபந்தனை ஏறியது.

“நாப்பத்திரண்டுக்குள்ள ஒருத்தர் நிபுணர் ஆகிடுவாரா சார்?” என்றார் தட்டச்சர் அம்மா.

“இளரத்தம் வேணும்மா. மாடிப்படி ஏறணும்ல?”

தட்டச்சர் அம்மா அவருடைய நரைத்த மீசையை ஒரு முறை பார்த்துவிட்டுத் தட்டினார்.

இரண்டு பூட்டு போட்டும் பயம் போகவில்லை. வீட்டில் நடப்பதெல்லாம் சந்தேகத்தைக் கிளறியது. இத்தனை வருடம் அவருடைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மனைவி, திடீரென்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்தப் பென்சில் விஷயம் சொல்வீங்களே, அதைக் கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க. அப்புறம் பூட்டின வீட்டுக்கு மூணாவது தடவை போற கதை, அதையும்.”

அவளுடைய முந்தானைக்குள் ஒரு நோட்டுப் புத்தகம் ஒளிந்திருந்ததை அவர் கவனித்துவிட்டார். தொழில் ரகசியம் திருட்டுப் போகிறது! பதினேழு வருடம் வெயிலில் காய்ந்து சேர்த்ததைத் தங்கை புருஷனுக்குத் தாரை வார்க்கிறாள்.

“இந்தாங்க, பாப்பா ஸ்கூல் காகிதம். நாலு இடத்துல கையெழுத்துப் போடுங்க” என்று அவள் ஒரு கத்தையை நீட்டினாள்.

படித்துக் காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்காதே என்று கணக்கெடுப்பாளர்களுக்குப் பாடம் எடுப்பவர் அவர். அன்று ஆத்திரத்தில் எங்கே காட்டினாளோ அங்கெல்லாம் கிறுக்கித் தள்ளினார். அவருடைய சிந்தனை முழுக்கச் சகலைக்கு வேறு என்னென்ன பலவீனம் உண்டு என்பதிலேயே இருந்தது.

நாய்! சகலைக்கு நாய் என்றால் நடுக்கம். ஒருமுறை பக்கத்து வீட்டுக் குட்டி நாய்க்குப் பயந்து சாப்பாட்டு மேஜைமேல் ஏறியவர். உண்மையைச் சொன்னால் அன்று மேஜைமேல் இரண்டு பேர் இருந்தார்கள். முதலில் ஏறியது படிவத்தார்தான். களத்தில் நாயைக் கண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் அவர் இறங்கிய கதை அலுவலகத்துக்கே தெரியும். ஆனால் பொறாமைக்காரனுக்குத் தன் கதை எங்கே ஞாபகம் வரும்?

மூன்றாவது நிபந்தனை: நாய்களுக்கு அஞ்சாதவராக இருத்தல் வேண்டும்.

தட்டச்சர் அம்மா விரலைத் தூக்கியபடியே இருந்தார். “சார், நீங்க சொல்றீங்க இதை?”

“அடிங்கம்மா!”

அன்று மதியம் மனைவி தொலைபேசியில் கூப்பிட்டாள். “தங்கச்சி வீட்ல நாய் வாங்கியிருக்காங்களாம்! பையன் அடம் பிடிச்சானாம். நாயைக் கண்டா நடுங்கற தம்பி இப்ப அதைத் தூக்கி மடியிலயே வெச்சிருக்காராம்!”

படிவத்தார் தொலைபேசியை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். ஆண்டவனே சகலை பக்கம் சாய்ந்துவிட்டால் ஒரு சாதாரண மேற்பார்வையாளர் என்னதான் செய்வது?

அன்று மாலை சமையலறையில் மனைவி யாருடனோ தணிந்த குரலில் பேசுவது காதில் விழுந்தது.

“கவரை நானே அவர் ஆபீஸ்ல குடுத்துட்டேன் தம்பி. அந்தத் தட்டச்சர் அம்மா ஒட்டின கவரைப் பிரிக்காம அலமாரில வெச்சிட்டாங்க. இல்ல, அவருக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சா குதிப்பாரு.”

விளம்பரம் வருவதற்கு முன்பே விண்ணப்பம் போய்விட்டது! அதுவும் தாலி கட்டிய மனைவியின் கையால்! படிவத்தார் அன்று சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். பொய்யும் இல்லை, வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

ஆனால் எரிச்சலில்தான் மூளை வேலை செய்தது. மூன்று வருடத்துக்கு முன் இதே அலுவலகத்தில் சகலை இரண்டு நாள் பயிற்சி வகுப்பு எடுத்திருக்கிறார். மறுநாள் முதல் வேலையாக நான்காவது நிபந்தனை ஏறியது: இந்த அலுவலகத்தில் எக்காலத்திலும் எவ்விதப் பணியும் செய்திராதவராக இருத்தல் வேண்டும்.

இது பூட்டு இல்லை, சுவர். நாய் வாங்கியும் பிள்ளை பெற்றும் இதைத் தாண்ட முடியாது. விளம்பரம் அச்சுக்குப் போயிற்று.

அது வெளிவந்த அன்று மாலையே சகலை வீட்டுக்கு வந்தார். கையில் மடித்த செய்தித்தாள், முகத்தில் ஈயாடவில்லை.

“அண்ணா, இந்த நிபந்தனை எல்லாம் யார் எழுதினது?”

“எல்லாம் மேலிடம்” என்றார் படிவத்தார், கூரையைப் பார்த்தபடி.

“அநியாயம் அண்ணா. பதினஞ்சு நாளா பாடுபட்டோம்” என்றார் சகலை. குரல் உடைந்திருந்தது. சமையலறை வாசலில் நின்ற மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தங்கை புருஷனுக்காகக் கண்ணீரா! அந்தக் கண்ணீர் படிவத்தாரின் பொறாமையில் எண்ணெயாக விழுந்தாலும், உள்ளுக்குள் ஒரு குதூகலமும் துள்ளியது. அதற்கடுத்த நாட்களில் மனைவி அவரிடம் காரணமில்லாமல் அன்பாக இருந்தாள். கேட்காமலே இரண்டாம் முறை பரிமாறினாள். குற்ற உணர்ச்சி, வேறென்ன என்று நினைத்துக்கொண்டு நன்றாகவே சாப்பிட்டார்.

இயக்குநர் திரும்பி வந்ததும் விளம்பரத்தைப் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் படித்தார்.

“நான் நினைச்சிருந்த ஆள் இதுல எந்த வாசல் வழியாவும் உள்ள வர முடியாதே!”

“விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்” என்றார் படிவத்தார்.

இயக்குநர் அவரை விநோதமாகப் பார்த்தார். “என் சர்வீஸ்ல இப்படி ஒரு மனுஷனைப் பார்த்ததில்லை.”

படிவத்தார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலைகுனிந்தார்.

உறைகளைப் பிரிக்கும் நாள் வந்தது. இருபத்து மூன்று விண்ணப்பங்கள். தட்டச்சர் அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து நிபந்தனைகளோடு ஒப்பிட்டு, தேறாததைக் கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தார். பேராசிரியர்கள் வயதில் விழுந்தார்கள். மருத்துவர்கள் குழந்தை எண்ணிக்கையில் விழுந்தார்கள். கடைசியில் நான்கு நிபந்தனைகளையும் தாண்டி ஒரே ஒருவர் நின்றார். வயது முப்பத்தெட்டு, பள்ளி செல்லும் இரண்டு பெண்கள், நாய்களுக்குப் பழக்கம் சொல்லிக்கொடுப்பது தொழில்.

“நாய் பயிற்சியாளரா?” என்றார் படிவத்தார்.

“ஆமா சார். ஆய்வுன்னா என்னன்னு தெரியாது, நீங்க சொல்லிக்குடுத்தா கத்துக்கறேன்னு எழுதியிருக்காரு.”

ஏழாவது நிபுணருக்கும் பென்சில் சீவச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மறுபடி அந்த ‘மற்றும்’. ஆனாலும் பரவாயில்லை, சகலை விழுந்தாரே! அந்த ஒரு ஆறுதலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அடித்த விண்ணப்பங்களைப் புரட்டினார். சகலையின் பெயர் இல்லை. மறுபடி புரட்டினார். இல்லை.

“என் சகலையோட விண்ணப்பம் எங்கம்மா?”

“அவர் விண்ணப்பமே போடலையே சார். ஒரே ஒரு விண்ணப்பத்தோட அவர் எழுதின சிபாரிசுக் கடிதம்தான் இருந்துச்சு, அஞ்சு பக்கத்துக்கு.”

“யாருக்கு?”

தட்டச்சர் அம்மா அலமாரியைத் திறந்து, தனியாக வைத்திருந்த ஓர் உறையை எடுத்து, உள்ளே இருந்த விண்ணப்பத்தை அவர் முன்னால் வைத்தார். மேலே ஒட்டியிருந்த புகைப்படத்திலிருந்து ஒரு நரைத்த மீசை படிவத்தாரைப் பார்த்தது. கீழே ஆத்திரத்தோடு கிறுக்கிய கையெழுத்து.

“மத்தவங்க எல்லாம் ஒண்ணுலயோ ரெண்டுலயோதான் சார் விழுந்தாங்க, நாலு நிபந்தனைலயும் விழுந்தது உங்களுது ஒண்ணுதான்.”