அரை இஞ்ச்

காலை ஆறு மணிக்கு டைலர் எழுந்தார். பல் விளக்கினார். மூன்று மாத்திரைகளை ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கினார். சாம்பல் நிற பேண்ட்டில் காலை நுழைத்தார். கொக்கி மாட்டவில்லை.

மூச்சை உள்ளே இழுத்தார். மாட்டியது. மூச்சை விட்டார். கண் பிதுங்கியது.

"இந்தா, மறுபடியும் இறுக்குது!"

"நடந்துட்டு வாங்க, தளரும்," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து.

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டரம்மா சொல்லியிருந்தார்: "எண்பத்திரண்டு கிலோ இருக்கீங்க. அவசரப்படாம, கொஞ்சம் கொஞ்சமா எட்டு கிலோ குறையணும். தினமும் நடக்கணும். இன்னொரு தடவை வந்தா இந்த இதயம் தாங்காது."

அதைக் கேட்ட மனைவி ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். டைலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எடை போடறது காய்கறிக்கு. மனுஷனுக்கு அளவுதான். என் பேண்ட் எனக்குக் கச்சிதமா இருக்கு. நான் எங்க குண்டு?"

முதல் வாரம் முழுக்க அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. இரண்டாவது வாரம் பேண்ட் இறுக்கியது. அன்றைக்குத்தான் பயந்துபோய்த் தெருவில் ஒரு சுற்று நடந்தார்.

டேப்பை எடுத்து அளந்திருக்கலாம். ஆனால் தைக்கிறவன் தன் இடுப்பைத் தானே அளந்தால் கை கணக்குத் தப்பும் என்பது அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் வைத்த சட்டம். அதனால் பேண்ட்டைப் பிரித்து அரை இஞ்ச் தளர்த்தினார். மூன்றே நாளில் மறுபடியும் இறுக்கியது.

"மூணு நாள்ல அரை இஞ்ச் ஊதிட்டேன்டி!"

ஒரு சுற்று நாலு சுற்றானது. எண்ணெயைக் குறைத்தார். பேண்ட் அசைந்துகொடுக்கவில்லை. துணி சுருங்குகிறதோ என்று ஒரு நாள் முழுக்க வாளியில் ஊறப்போட்டார். சுருங்கவில்லை. கடைசியில் இடுப்புப் பட்டியைத் திருப்பிப்போட்டுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆராய்ந்தார். எறும்பு வரிசை மாதிரித் தையல்.

"இது என் ஒருத்தன் கைக்குத்தான் வரும். தையல் மேல தப்பில்ல. தப்பு என் வயித்து மேல."

"உங்க கையை யாரு குறை சொல்ல முடியும்?" என்றாள் மனைவி, ஒரு சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டே. இருபத்திரண்டு வருடத்தில் அவளை நம்பி அவர் கொடுத்த வேலை அது ஒன்றுதான். மதியம் அவர் லுங்கிக்கு மாறி ஓய்வெடுக்கும் ஒரு மணி நேரம் மட்டும் தையல் மிஷின் அவளுக்கு. தலையணை உறை தைப்பதாகச் சொல்வாள்.

"தைச்சுக்கோ. தலையணைக்கு இடுப்பு கிடையாது, நீ தப்பிச்சே," என்று சொல்லிவிட்டுத் தூங்குவார்.

தைத்த துணியை வாங்கிப்போகக் கடைக்கு வந்தவர் ஒருவர், "என்ன டைலரே, கன்னம் ஒட்டிப்போச்சே!" என்றார்.

"கன்னத்தை நம்பாதீங்க சார். கொக்கியைப் பாருங்க, தெறிக்கப் போகுது."

நாலு சுற்று எட்டானது. ஆரம்பத்தில் வாசற்படி ஏறவே நின்று நின்று மூச்சு வாங்கியவர், இப்போது மொட்டை மாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறினார்.

மூன்றாம் மாத முடிவில் கடையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டைலர் தலையைத் தொங்கப்போட்டபடி எடை மிஷினில் ஏறினார்.

"எழுபத்து மூணு!" என்றார் டாக்டரம்மா. "ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கு. இதயமும் நல்லாத் துடிக்குது. பிரமாதம்!"

"உங்க மிஷின் ரிப்பேர் டாக்டர். பேண்ட் இன்னும் பிடிக்குது, பாருங்க."

டாக்டரம்மா அவர் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவி, தாமே அவர் இடுப்பைச் சுற்றினார்.

"முப்பத்தி நாலு."

"இருக்காது! இது முப்பத்தெட்டுக்குத் தைச்ச பேண்ட்!"

அவசரமாக இடுப்புப் பட்டியைத் திருப்பினார். எறும்பு வரிசை. அதற்குள்ளே, பிரித்துப் பிரித்து மடித்த துணி, தடிமனாக. விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"தையல் என்னோடதுதான்," என்றார் மெதுவாக. "ஆனா நான் தைக்கலையே."

மாத்திரைச் சீட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா பட்டன் மட்டும் வச்சவ கேக்கறேன். இப்பவாவது சொல்லுங்க, என் தையல் எப்படி?"