இந்திரன் குரலும் ஒரு பூனை வாலும்

சாவதற்குள் ஒருமுறையாவது இந்திரனாகப் பேசிவிடுவது என்று முடிவெடுத்தேன். மும்பையை ஒட்டிய எங்கள் தாணே ஊரில் எத்தனையோ பேர் எத்தனையோ முடிவெடுக்கிறார்கள். என் முடிவு ஒன்றும் யாரையும் கெடுக்கிற முடிவு இல்லை.

எனக்குக் குரல் கனம். வீட்டுக்கு வெளியே. வாலிபத்தில் மராத்தி நாடகங்களில் நடித்தேன். ஈட்டியோடு வாசலில் நிற்கும் காவலன் வேஷம். "மகாராஜா வருகிறார்" என்பது என் ஒரே வசனம். நான் அதைச் சொன்னால் கடைசி வரிசையில் தூங்கும் குழந்தை விழிக்கும். பிறகு மகாராஜா வந்து வாயைத் திறப்பார். குழந்தை மறுபடி தூங்கிவிடும். அவர் கம்பெனி முதலாளியின் மைத்துனர்.

நாடகம் என்னைக் கைவிட்ட பிறகு வசனம் எழுதப் போனேன். இப்போது குழந்தைகளுக்குக் கார்ட்டூன் படம் எடுக்கும் கம்பெனியில் இருக்கிறேன். அப்போது கையிலிருந்தது கருடனின் கதை. கத்ரு பாம்புகளின் தாய், வினதை கருடனின் தாய். இருவரும் கசியப முனிவரின் மனைவிகள். தேவலோகக் குதிரையின் வால் வெள்ளையா கறுப்பா என்று இருவருக்கும் பந்தயம். வெள்ளை வாலில் தன் பாம்புப் பிள்ளைகளைச் சுற்றிக்கொள்ளச் சொல்லிக் கறுப்பாகக் காட்டி, கத்ரு ஜெயிக்கிறாள். தோற்றவள் அடிமை. தாயை மீட்கச் சின்னக் கருடன் இந்திரனோடு மோதி அமுதம் கொண்டுவருகிறான். இதுதான் படம். கருடனைப் பற்றிய படத்தில் என்னை எல்லோரும் 'காகா' என்று கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் சித்தப்பாவுக்கு அப்படித்தான் பெயர்.

கார்ட்டூனில் முதலில் குரல், பிறகுதான் படம். யாராவது ஒருவர் ஒப்புக்குச் சப்பாணியாக வசனத்தைப் பேசிவைப்பார். அதைக் கேட்டு வாயசைப்பை வரைவார்கள். கடைசியில் பெரிய நடிகர் வந்து அந்த வாய்க்குத் தன் குரலைப் பொருத்துவார்.

இயக்குநர் ருச்சா. என் மகள் வயது. கொண்டையில் பென்சில் செருகியிருப்பாள். அவளிடம் போய் நின்றேன்.

"ருச்சா, இந்திரனுக்கு யாரு பேசறாங்க?"

"இன்னும் முடிவாகல காகா."

"யாரடா அமுதத்தில் கை வைப்பது?" என்றேன். மேஜையில் இருந்த டீ நடுங்கியது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இந்திரன் பிரச்சனையே இல்ல, கத்ருதான் பிரச்சனை. ஆபீஸ்ல இருக்கற பொண்ணுங்க எல்லாரையும் பேச வெச்சுப் பாத்துட்டேன். திட்டுங்கடின்னா தாலாட்டறாங்க. நெஜமான திட்டு ஒண்ணு கொண்டு வாங்க. இந்திரன் உங்களுக்கு."

நான் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பக்தன் கோயில் பக்கம் திரும்பிப் பார்ப்பானே, அப்படி.

என் மனைவி உஜ்வலா திட்டினால் அதில் தாளம் இருக்கும். மெதுவாகத் தொடங்கி, ஏறி, உச்சியில் ஒரு நொடி நின்று, இறங்கும்போது சமையலறைப் பாத்திரமெல்லாம் பின்பாட்டுப் பாடும். இத்தனை வருஷம் அது வீணாகச் சுவரில் மோதிக்கொண்டிருந்தது. நேராகக் கேட்டால் வருவாளா? "உன்னைப் போல் ராட்சசத்தனமாக யாரும் திட்ட முடியாது, வந்து பேசு" என்று எந்தப் புருஷன் சொல்லிவிட்டு அன்று சாப்பிட்டிருக்கிறான்?

ஆகவே திட்டம் போட்டேன். கைப்பேசியைப் பதிவில் போட்டு ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் வைப்பது. நான் வம்பிழுப்பது. அவள் திட்டுவது. அந்தத் திட்டையே கத்ருவின் வசனமாக எழுதிக்கொண்டு, பதிவையே ஒப்புக்குரலாகக் கொடுத்துவிடுவது. நான் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. பதிவு சுத்தமாக இருக்க வேண்டுமே.

முதல் நாள், குளித்த ஈரத்துண்டைப் படுக்கையில் போட்டேன்.

"ஏங்க, இது மெத்தையா, கங்கைக் கரையா? துண்டுக்குன்னு கொடி கட்டி வெச்சிருக்கேன். கொடிக்கு உங்களக் கண்டா பயமா, உங்களுக்குக் கொடியக் கண்டா பயமா?"

நான் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டேன்.

"கேக்கறேன்ல? காதுல விழுதா?"

தலையாட்டினேன்.

"தலைய ஆட்டினா? வாயத் தொறந்து சொல்லுங்க. இனிமே போடுவீங்களா?"

"...சரி."

"என்ன சரி?"

"சரிம்மா, போடல."

சனியன், என் குரலும் விழுந்துவிட்டது. போகட்டும், பிறகு வெட்டிக்கொள்வார்கள் என்று இருந்தேன்.

அடுத்து மீன். வாவல் வாங்க அனுப்பினாள். கண் வெளுத்ததாகத் தேடி வாங்கி வந்தேன். மீன்காரி மனசு கேட்காமல், "வேற எடுத்துக்கங்கண்ணா" என்றாள். மாட்டேன் என்றேன்.

உஜ்வலா செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"இது எப்பச் செத்துது? நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியா, அப்புறமா? இந்த மீனே உங்களப் பாத்து, 'ஐயா, என்னப் புதைச்சிருங்க'ன்னு கெஞ்சியிருக்குமே, அதுகூடக் காதுல விழலியா? சொல்லுங்க."

"சரிம்மா."

"மாத்திட்டு வாங்க."

"சரி."

ஒவ்வொரு முறையும் பதிலைப் பிடுங்கி எடுத்தாள். அந்த வாரம் அவளுக்கு என் பதிலில் ஏன் அத்தனை ஆசை என்று நான் யோசித்திருக்க வேண்டும். இந்திரன் வேஷம் போடுகிறவன் யோசிப்பதில்லை.

கடைசியாகப் பந்தயக் காட்சி. எங்கள் மாடிப்படியில் ஒரு பூனை உண்டு. வால் வெள்ளை. அதற்குப் பால் ஊற்றுகிறவனே நான்.

"நம்ம பூனைக்கு வால் எவ்ளோ வெள்ளை பாரு," என்று ஆரம்பித்தேன்.

"வெள்ளையா? கறுப்பு."

"வெள்ளை, உஜ்வலா."

"பந்தயமா? தோத்தவங்க தினம் காலைல டீ போடணும். ஆயுசு முழுக்க."

கத்ருவே வந்து பேசியது போல் இருந்தது. சரி என்றேன். மறுநாள் காலை பால்கனியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினாள். கீழே மதில் மேல் பூனை நடந்து போய்க்கொண்டிருந்தது. வால் கறுப்பு. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். அப்போதும் கறுப்பு. கண்ணாடி மாற்ற வேண்டிய வயசு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து டீ நான்தான். பூனைக்குப் பால் ஊற்றும் வேலையை அவள் வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் வரும்போது கண்மை ஒரு டப்பா வாங்கி வரச் சொன்னாள். தீர்ந்துவிட்டதாம். வாங்கி வந்தேன்.

பதிவைக் கேட்ட ருச்சா கொண்டைப் பென்சிலை எடுத்துக் கீழே வைத்தாள். அவள் அப்படிச் செய்து யாரும் பார்த்ததில்லை.

"காகா, இது யாரு?"

"தெரிஞ்சவங்க."

"பாவம், அவங்க புருஷன்."

இந்திரனாக ஒப்புக்குப் பேச என்னை மைக் முன்னால் நிறுத்தினார்கள். பேசினேன். காவலனாக நின்ற காலமெல்லாம் தொண்டையில் தேங்கியிருந்த இடி அன்று இறங்கியது. வீட்டுக்கு நடந்தே போனேன். ரயிலில் இந்திரன் எப்படி இடிபட்டுக்கொண்டு போவான்?

மாதங்கள் போயின. வரைந்து முடித்த வரை போட்டுக் காட்ட, பக்கத்துப் பள்ளிக் குழந்தைகளைக் கூட்டி வந்தார்கள். கத்ரு வந்தாள். ஈரத்துண்டைப் பற்றி முழங்கினாள். குழந்தைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் திரையின் ஓரத்தில் ஒரு முனிவர். தாடி, ஜடை, மான்தோல். கத்ரு ஒவ்வொரு தடவை கத்தும்போதும் கழுத்தை ஆமைபோல் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, ஒரு கண்ணை மட்டும் திறந்து சொன்னார்:

"...சரி."

அரங்கம் இடிந்தது. குழந்தைகள் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்தார்கள். என் குரல். வெட்டச் சொல்ல மறந்த என் குரல். வரைகிற பையன்கள் அதற்கும் ஓர் ஆளை வரைந்துவிட்டார்கள். தேவர், அசுரர், பறவை, பாம்பு எல்லாவற்றுக்கும் தகப்பனான கசியப முனிவரை.

பிறகு இந்திரன் வந்து இடித்தான். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: "அந்தச் சரித் தாத்தா எப்ப வருவாரு?"

ருச்சா என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"காகா, அந்த முனிவரை விட முடியாது. ஒரே படத்துல ரெண்டு குரலும் ஒருத்தரே பேசினா குழந்தைங்க கண்டுபிடிச்சிரும். இந்திரனுக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

"முனிவருக்கு வேற ஆள் போடேன்."

"பாத்துட்டேன். எவனுக்கும் வரல. எல்லாரும் சரின்னு வார்த்தையத்தான் சொல்றாங்க. நீங்க சொன்னதுல ஒரு குடும்பமே இருக்கு."

துக்கம் அதோடு முடியவில்லை. கத்ருவுக்குப் பேச வந்த பெரிய நடிகைக்கு மூச்சு போதவில்லை. அவர் நிறுத்திய பிறகும் திரையில் வாய் ஓடிக்கொண்டே இருந்தது. "மூலக்குரல்காரங்களையே கூட்டிட்டு வாங்க," என்றாள் ருச்சா.

அன்று வீட்டில் டீயை நீட்டிக்கொண்டே சொன்னேன். "எங்க படத்துல ஒரு தேவிக்குப் பேச ஆள் வேணுமாம். சாந்தமான தேவி."

"சாந்தமானவளா?" என்றாள். "சரி, வரேன்."

நல்ல பைட்டணிப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். கத்ருவின் தாளை நீட்டினார்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தாளை ஒருமுறை புரட்டிவிட்டு மடித்து வைத்தாள். துண்டு, மீன், குதிரை வால். மூச்சு விடாமல், ஓர் அசைப்புக்கூடப் பிசகாமல் பேசினாள். பக்கத்து மைக்கில் நான் என் சரிகளைச் சொன்னேன்.

கடைசியில் ஒரு காட்சி. அமுதம் வந்துவிட்டது. கத்ரு வினதையை விடுவிக்க வேண்டும். அது மட்டும் நானே எழுதியது. "போ, அக்கா. நீ இல்லாமல் இந்த வீட்டில் யாரிடம் சண்டை போடுவேன் என்றுதான் தெரியவில்லை." அதை அவள் மெல்லச் சொன்னாள். காதில் மாட்டியிருந்த கருவி வழியாக அந்தக் குரல் எனக்குள் வந்தது. அதன் அடியில் மழை நின்ற பிறகு ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் போல ஒன்று இருந்தது. இத்தனை காலம் அந்தக் குரலை நான் ஒதுங்கி நின்றே கேட்டிருக்கிறேன். காதுக்குள் வைத்துக் கேட்டதில்லை.

"காகா, உங்க சரி?" என்றாள் ருச்சா.

மறந்துவிட்டேன். மறுபடி எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே. ஊறுகாய் ஜாடி பின்னாடி வெளிச்சம் தெரிஞ்சுது. இல்லாட்டி ஜாடியப் பாத்து நான் எதுக்குத் திட்டறேன்? புருஷன் இந்தப் பக்கம்ல நிக்கறாரு."

"அப்ப என்னை ஏன் பதில் சொல்லு, பதில் சொல்லுன்னு பிடுங்கின? அதனாலதான் எனக்கு இந்திரன் போச்சு."

"என் குரல் மட்டும் தனியா அங்க போய் என்ன பண்ணும்? துணைக்கு உங்களையும் அனுப்பினேன்."

கோபத்துக்குக் காரணம் தேடினேன். கிடைத்தது. மாடிப்படியில் பூனை ஏறி வந்துகொண்டிருந்தது. வால் பளீரென்று வெள்ளை.

"உஜ்வலா, அந்தக் கண்மை..."

"பிடிச்சு நிறுத்திப் பூசறதுக்குள்ள கையெல்லாம் கீறிருச்சு."

"அப்போ பந்தயத்துல ஜெயிச்சது நான். இத்தன மாசம் டீ போட்டது அநியாயம்."

"கத்ரு எப்படி ஜெயிச்சா? கதை எழுதினவரு நீங்கதானே. அவளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? நாளைக்கு டீல கொஞ்சம் இஞ்சி தட்டிப் போடுங்க. தொண்டை கட்டியிருக்கு."

நெஞ்சை நிமிர்த்தினேன். அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுத்தேன். இடி தொண்டை வரை வந்துவிட்டது.

"...சரி."

ஒரே டேக்கில் ஓகே.